இண்டென்ட் இல்லாத சப்ளை

அரசு அலுவலகத்தில் ஒரு டஜன் பென்சில் வேண்டுமென்றாலும் இண்டென்ட் போட வேண்டும். இன்ன பிரிவுக்கு, இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை என்று எழுதி, சூப்பரின்டெண்ட் கையெழுத்து வாங்கி, ஸ்டோர் கிளார்க்கிடம் நீட்ட வேண்டும். அவர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, “போன மாசம்தானே ஆறு வாங்கினீங்க?” என்று கேட்டுவிட்டு மூன்று கொடுப்பார். புதுச்சேரியில் 34 வருஷம் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அதில் 9 வருஷம் அந்த ஸ்டோர் கிளார்க் நாற்காலி. இதையெல்லாம் சிவப்பு நாடா என்று ஊரே கேலி செய்தது. செய்யட்டும். அந்த நடைமுறைக்குள் ஒரு நியாயம் இருந்தது: தேவை என்று ஒருவர் வாய் திறந்து கேட்ட பிறகுதான் பொருள் நகரும்.

இன்றைக்கு இதைத் தலைகீழாகத் திருப்பி ஒரு வியாபாரம் நடக்கிறது. நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் வாசலில் ஒரு பெட்டி வந்து உட்காரும். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அதுதான் சுவாரசியமாம். பணம் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டே இருக்கும். வாசனைப் பொருள், புத்தகம், தின்பண்டம், நாய்க்குப் பொம்மை என்று எல்லாவற்றுக்கும் பெட்டி வந்துவிட்டது. உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதற்கான போலி இரைகளுக்குக்கூட மாதாந்திரப் பெட்டி உண்டு. ரஞ்சன்குடியில் உட்கார்ந்துகொண்டு பனி ஏரியைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். அந்தப் பெட்டியை நான்கு மாதம் அருகிலிருந்து பார்த்து, ஸ்டோர் கிளார்க் புத்தியோடு கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் மகள் குடும்பம் கனடாவில், டொரன்டோவுக்கு அடுத்த மார்க்கமில் இருக்கிறது. முந்தைய குளிர்காலத்தை அங்கே கழித்தோம். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்காக மாப்பிள்ளை இந்தப் பெட்டிக்குச் சந்தா கட்டியிருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அச்சு.

பனி மீன்பிடிப்பை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மார்க்கமிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. ஜனவரியில் அதன் மேல்பகுதி கெட்டியாக உறைந்துவிடும். ஜனங்கள் அதன்மேல் நடந்துபோய், சின்னக் கொட்டகை போட்டு, திருகு போன்ற ஒரு கருவியால் சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னதாக ஒரு துளை போடுவார்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கனத்த தண்ணீர் அடியில் தங்கிவிடுவதால் மேலே உறைந்தாலும் கீழே மீன் உயிரோடு இருக்கிறது. ஆனால் குளிரில் அதன் உடம்பு மந்தமாகிவிடும். இரையைத் துரத்திக்கொண்டு ஓடாது. நம் ஊரில் போல வீசி எறிந்து இழுக்கவும் அந்தத் துளைக்குள் இடமில்லை. ஆகவே இரண்டடி, இரண்டரையடிக் குட்டைக் கழியில் சின்னஞ்சிறு போலி இரையைக் கட்டி, நேர்க்குத்தாக இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் போலி இரையைத்தான் லூர் என்கிறார்கள்.

சின்னதாக இருக்க வேண்டும், சட்டென்று அடிக்கும் போக வேண்டும். இதற்கு எடை வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்குச் சற்று மேல். அதே அளவு டங்ஸ்டன் 19 கிராமுக்கு மேல். அதனால் டங்ஸ்டன் லூருக்கு அங்கே மவுசு, விலையும் கூடுதல். ஆக, எந்த மீன், எத்தனை ஆழம், எந்த உலோகம் என்று மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே லூர் வாங்க வேண்டும். பெட்டி அனுப்புகிறவர் இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை.

இப்போது என் பதிவேட்டைப் பாருங்கள். ஜனவரியில் 6 லூர், பிப்ரவரியில் 5, மார்ச்சில் 6, ஏப்ரலில் 6. மொத்தம் 23. மாதம் 32 டாலர் வீதம் செலவு 128 டாலர். ஏரிக்குப் போனது மூன்று முறை. தண்ணீரில் இறங்கிய லூர் 5. பெட்டியைவிட்டு நகராதவை 18. ஏப்ரல் பெட்டி வந்தபோது பனி இளகி, ஏரிமேல் கால் வைக்கக்கூடாத நிலை. பிடித்த மீன் ஒன்பது, எல்லாம் மஞ்சள் பெர்ச் என்ற உள்ளங்கை நீள மீன். அந்த ஒன்பதில் ஏழு, ஏரிக்கரைக் கடையில் நாலு டாலருக்கு வாங்கிய ஒரே ஒரு வெள்ளி நிற லூரில் மாட்டியவை. பெட்டி லூரில் வந்தது இரண்டு. மீன் ஒன்றுக்கு 64 டாலர். என் காலத்தில் இப்படி ஒரு பில் மேஜைக்கு வந்திருந்தால் ஆடிட் பார்ட்டி என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும்.

அந்த ஏரிக்கரைக் கடைக்காரர் விற்பதற்கு முன் என்ன செய்தார் தெரியுமா? எந்தப் பக்கம் துளை போடப்போகிறீர்கள், எத்தனை அடி ஆழம், பையனுக்கு முதல் தடவையா என்று கேட்டார். கேட்டுவிட்டு, “இது ஒன்று போதும்” என்றார். மாப்பிள்ளை இன்னும் இரண்டு எடுக்கப்போனதற்கு, முதலில் இதைப் போட்டுப் பாருங்கள் என்றார். எங்கள் பழைய ஸ்டோர் கிளார்க் ஜாதி. அவருக்கு ஏரி தெரியும், தன் எதிரில் நிற்கும் ஆளும் தெரியும். பெட்டிக்கு இரண்டும் தெரியாது. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பெட்டிதான். ஒரே அளவுச் சட்டையை ஊருக்கெல்லாம் தைத்து அனுப்பிவிட்டு அதற்கு ‘ஆச்சரியம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் சின்ன வயதில் படித்தது பாண்டியில் பிரெஞ்சு மீடியத்தில். பிரெஞ்சில் போலி இரைக்கு ‘லேர்’ என்று சொல்வார்கள். அதே சொல்லுக்கு ஏமாற்று, மாயை என்றும் அர்த்தம். ‘ஸ லேரே’ என்றால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. சொல்லை உண்டாக்கியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் பனி மீன்பிடிப்புக்கு ‘பேஷ் பிளான்ஷ்’ என்று பெயர், அதாவது வெள்ளை மீன்பிடிப்பு. அங்கே சேன்ட் ஆன் த லா பெராத் என்று ஒரு ஊர். நான் போனதில்லை, படித்ததுதான். முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறிவரும் சின்ன மீனை 1938 முதல் அங்கே உறைந்த ஆற்றின்மேல் குடில் போட்டுப் பிடிக்கிறார்கள். குளிர்காலத்தில் ஆற்றின்மேல் ஒரு குட்டி ஊரே முளைத்துவிடுகிறது. அவர்கள் கட்டும் இரை, ஒரு துண்டு பன்றி ஈரல். அந்த மீனுக்கு அது போதும் என்று அந்த ஊருக்குத் தெரியும்.

இனி எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருகிறேன். மாப்பிள்ளை நிதானமானவர். நான் கணக்கைக் காட்டியபோது கோபப்படாமல் மூன்று காரணம் சொன்னார்.

முதலாவது: “மாமா, தனித்தனியா வாங்கினா இதைவிட ஜாஸ்தி ஆகும்.” ஆகலாம். ஆனால் தேவையில்லாத பொருளைப் பாதி விலைக்கு வாங்கினாலும் முழு நஷ்டம்தான். ஆடித் தள்ளுபடியில் நாலு புடவை எடுத்துவிட்டு ‘ஆயிரம் ரூபாய் மிச்சம்’ என்று சொல்வதைப் போன்ற கணக்கு இது.

இரண்டாவது: புதிதாகப் பழகுகிறவனுக்கு எது நல்லது என்று தெரியாது, நாலையும் பார்த்தால்தானே தெரியும்? இது கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்தது வேறு. பேரன் லூர்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் நிறத்தையும் ஒப்பிப்பான். இருட்டில் மினுங்குவது எது, மீன்குஞ்சு போல ஆடுவது எது என்று சொல்வான். நாம் துளை போட்ட இடத்தில் ஆழம் எவ்வளவு, பெர்ச் காலையில் கடிக்குமா சாயங்காலம் கடிக்குமா என்று கேட்டால் தெரியாது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு லூரை நாலு மணி நேரம் ஆட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டால் பிள்ளை என்ன செய்வான்? ஏரியைப் படிக்க வேண்டிய பையனுக்குச் சரக்குப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது அந்தப் பெட்டி. எனக்குப் பணத்தைவிட இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

மூன்றாவது: பெட்டியைத் திறக்கும்போது பையன் முகத்தில் வரும் சந்தோஷம். அதை நானும் பார்த்தேன், மறுக்கவில்லை. பரிசு கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? பிறந்தநாளுக்கு அப்பா தேடிப்போய் வாங்கிவருவது பரிசு. எந்த மனிதரும் நினைத்துப் பார்க்காமல், வங்கிக் கணக்கு மட்டும் ‘நினைத்து’ அனுப்புவது பட்டுவாடா.

உலோகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் லூன் என்ற நீர்ப்பறவையின் உருவம் இருக்கிறது. இரையை அரைப்பதற்காக அந்தப் பறவை அடியிலிருந்து கூழாங்கற்களை விழுங்கும். கூடவே தொலைந்துபோன ஈயக் குண்டையும் விழுங்கி, விஷம் ஏறிச் செத்துப்போகிறது. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இப்படிச் சாவதைப் பார்த்து, அதே 1987-இல் சின்ன ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஈய லூரும் பயன்படுத்தக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த 23-இல் ஏழெட்டு லூர்களின் அட்டையில் என்ன உலோகம் என்றே போடவில்லை. கடையில் வாங்கினால் கேட்டு வாங்கலாம். பெட்டியில் வந்ததை யாரிடம் கேட்பது?

இந்தத் தந்திரம் புதிதல்ல. அமெரிக்காவில் 1926-இல் ‘மாதம் ஒரு புத்தகம்’ என்று ஒரு மன்றம் தொடங்கினார்கள். மாதப் புத்தகம் வேண்டாம் என்றால் உறுப்பினர் எழுதித் தெரிவிக்க வேண்டும். எழுதாவிட்டால் புத்தகம் வந்துவிடும், பில்லும் வந்துவிடும். மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் பெண் பார்க்கும்போது சொன்னதை அவர்கள் வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த முறைக்கு அமெரிக்க அரசு 1973-இல் விதி போட வேண்டியிருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு ‘தசித் ரெகோந்துக்ஸியோன்’ என்று பெயர், மௌனப் புதுப்பிப்பு. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் முன் வாடிக்கையாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே 2005-இல் சட்டம் வந்தது. அதுவும் போதவில்லை. 2022-இல் இன்னொரு சட்டம் போட்டு, இணையத்தில் எடுத்த சந்தாவை இணையத்திலேயே சுலபமாக ரத்து செய்ய வழி வைக்க வேண்டும் என்றார்கள். 2023 ஜூன் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மூன்று சொடுக்கில் ரத்து என்று ஜனங்கள் சொல்கிறார்கள். சேருவதற்கு ஒரு சொடுக்கு, வெளியேறுவதற்குச் சட்டமே வேண்டியிருக்கிறது. தூண்டில் முள்ளில் பின்பக்கமாக ஒரு செதில் இருக்கும். உள்ளே போவதற்கு அது தடையில்லை. வெளியே வரும்போதுதான் கிழிக்கும்.

திரும்பி வரும்போது, தண்ணீரே பார்க்காத அந்தப் பதினெட்டில் நாலைந்தை ரஞ்சன்குடிக்குக் கொண்டுவந்தேன். இது என் மனைவியின் ஊர். ஓய்வு பெற்றதிலிருந்து இங்கேதான் வாசம். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து ஏரி குளத்தில் தண்ணீர் நின்றால், பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் மூங்கில் கழியும் தங்கூசி நரம்புமாகக் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏலம் எடுத்தவர் கண்ணில் படாமல் பிடிக்க வேண்டும் என்பது தனிக் கலை. தண்ணீர் கலங்கியிருந்தால் மண்புழு, தெளிந்திருந்தால் மாவு உருண்டை. விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கொத்தாக மேலே மிதந்தால் தாய் தகப்பன் இரண்டும் அடியில் காவல் நிற்கும். அப்போது பிடிக்கக்கூடாது, குஞ்செல்லாம் போய்விடும் என்று பத்து வயதுப் பையன் எனக்குச் சொன்னான். அவன் முதலீடு ஐந்து ரூபாய் முள்.

லூர்களை அவர்களிடம் கொடுத்தேன். ஆர்வமாகத்தான் வாங்கினார்கள். இரண்டு சாயங்காலம் ஆட்டிப் பார்த்தார்கள். ஜிலேபி மீன் ஒன்றுகூடச் சீண்டவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், அதிலிருந்த இறகையும் ரப்பர் வாலையும் பிய்த்துப் போட்டுவிட்டு, முள்ளில் மண்புழுவைக் கோர்த்திருந்தான் ஒருவன். பக்கத்து வாளியில் நாலு ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது. “முள்ளு நல்லா ஷார்ப்பா இருக்கு தாத்தா. மேல இருந்ததுதான் எதுக்குன்னே தெரியல” என்றான். நான் 128 டாலருக்குப் படித்த பாடத்தை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

கனடாவில் நடப்பது நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் ஊர் மளிகைக் கடையில் மாதா மாதம் லிஸ்ட் கொடுத்து வாங்கிய காலத்தில், லிஸ்ட் நம் கையெழுத்தில் இருந்தது. இந்த மாதம் விருந்தாளி வருகிறார்கள், உளுந்து ஒரு கிலோ கூட. பிள்ளைகள் ஊருக்குப் போகிறார்கள், சர்க்கரை பாதி போதும் என்று மாற்றுவோம். பால் அட்டைகூட வேண்டாம் என்றால் நிறுத்தலாம். 2020 ஜூலையில் யூபிஐ ஆட்டோபே வந்தது. ஒருமுறை ரகசிய எண்ணைப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு மாதம்தோறும் அது பாட்டுக்குப் பணம் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு பென்ஷன் வந்த ஒரு வாரத்துக்குள் நாலு இடத்துக்குப் பணம் போகிறது. 99 ரூபாய், 149 ரூபாய், 199 ரூபாய், 299 ரூபாய். கூட்டினால் மாதம் 746, வருஷத்துக்கு 8,952 ரூபாய். அதில் இரண்டு எதற்கென்றே அவருக்குத் தெரியவில்லை. லீவுக்கு வந்த பேரப்பிள்ளை ‘ஒரு மாதம் இலவசம்’ என்று போனில் எதையோ அமுக்கியிருக்கிறான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கறாராக நடைமுறைக்கு வந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 நவம்பர் 30-இல் பதிமூன்று வகை இணையத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ‘சந்தாப் பொறி’ ஒன்று. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும், இலவசம் என்று சொல்லிப் பணம் எடுக்கும் விவரத்தை முதலிலேயே வாங்கி வைப்பதும் அதன்படி தவறு.

நல்ல விதிகள்தான். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. 24 மணி நேரம் முன்னால் வரும் அந்தச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் நாற்பது குப்பைச் செய்திகளுக்கு நடுவில் கிடக்கிறது. அதைப் படிக்காமல் விட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எழுபது வயதில் கண் மங்கியவனின் மௌனமும் சம்மதம்தானா?

என் கட்சி எளிமையானது. சட்டத்தைத் திருப்பி எழுதுங்கள். மாதா மாதம் ‘இந்த மாதம் வேண்டுமா?’ என்று விற்பவர் கேட்கட்டும், அதுவும் வாங்குகிறவரின் மொழியில். ‘வேண்டும்’ என்று பதில் வந்தால் பொருளை அனுப்பட்டும், பணத்தை எடுக்கட்டும். பதில் வராவிட்டால் இரண்டும் வேண்டாம். பால், மின்சாரம், இன்சூரன்ஸ் போன்ற அவசியங்களுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பாதிச் சந்தா வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்வார்கள். படுக்கட்டும். கேட்டால் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்துதானே கேட்காமல் அனுப்புகிறார்கள்?

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். போனில் பணம் அனுப்பும் செயலிக்குள் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்து, இருப்புப் பதிவேடு பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். எதற்கென்று சட்டென்று சொல்லத் தெரியாத வரி எதுவோ, அதை ரத்து செய்யுங்கள். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். பென்ஷன் வரும் தேதிக்கு முந்தின நாள் செய்தால் அந்த மாதமே மிச்சம்.